சிறுத்தும் பெருத்தும் போன வலைக்கண்கள்: முற்றிய ஈரல் நோயில் மூளையின் அமைப்பு மாறிய ஒரு நிகழ்வு

திருகோணமலைக் கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 58 வயது மீனவர் ஒருவர், ஏழு மாத இடைவெளியில் இரண்டு தடவை ஈரல் சார்ந்த மயக்கத்துடன் எமது விடுதியில் அனுமதிக்கப்பட்டார். இரண்டு தடவையும் தெளிந்து வீடு திரும்பினார். இரண்டாவது தடவைக்குப் பிறகு அவர் முன்னைய நிலைக்கு வந்து சேரவில்லை என்பதை முதலில் கண்டவர்கள் வைத்தியர்களாகிய நாங்கள் அல்லர். அவர் பொத்திக் கொடுத்த வலையைக் கையில் விரித்துப் பார்த்த மருமகனே அதைக் கண்டார். ஈரல் பழுதடையும்போது மூளைக்கு நேர்வது தற்காலிகமான நஞ்சேற்றம் மட்டும்தானா, அல்லது மூளையின் கட்டமைப்பே மாறுகிறதா என்ற கேள்வி இந்த நோயாளியிடம் மிகத் தெளிவாக எழுந்ததால் இதைப் பதிவு செய்கிறேன். அவரது அடையாளம் வெளிப்படாதிருக்க ஊர், குடும்பம் பற்றிய சில விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

பின்னணி

அவர் மது அருந்துபவர் அல்லர். கடற்றொழிலாளி, கண்ணில் மஞ்சள், வயிற்றில் நீர் என்றவுடன் சாராயம், கசிப்பு என்று எழுதிவிடும் பழக்கம் எங்களிடமும் உண்டு. முதல் அனுமதிக் குறிப்பில் கேட்காமலே அவ்வாறு எழுதப்பட்டும் இருந்தது. "கோயில் கொடியேறினால் இவர் மச்சமும் தொடமாட்டார் ஐயா, குடிகாரன் எண்டு எழுதிப்போட்டீங்களே" என்று மனைவி அழுத பிறகே அந்த வரி அடிக்கப்பட்டது. 14 ஆண்டுகளாக நீரிழிவு, நடுவயதில் பருத்த வயிறு, மிகுந்த குருதிக் கொழுப்பு ஆகியவைதான் அவருடைய ஈரலைச் சுருங்க வைத்தவை. ஈரலழற்சி பி, சி ஆகிய இரண்டுக்குமான பரிசோதனைகள் எதிர்மறையாக இருந்தன. கொழுப்பு படிந்து, அழற்சி கண்டு, தழும்பேறி, ஈற்றில் சிரோசிஸ் நிலையை அடையும் இந்தப் பாதை இலங்கையில் இன்று அரிதானதன்று; குடிக்காதவருக்கு ஈரல் பழுதாகாது என்ற நம்பிக்கைதான் இன்னும் மாறாமல் இருக்கிறது.

சிரோசிஸ் என்பது நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, இரத்த வாந்தியுடன் வந்தபோதே தெரியவந்தது. உணவுக்குழாயில் புடைத்திருந்த நாளங்களுக்கு வளையம் இடப்பட்டு, நாள அமுக்கத்தைக் குறைக்கும் புரோப்ரனோலோலும், வயிற்று நீருக்காக ஸ்பைரனோலக்டோன், ஃபுரோசமைட் ஆகியவையும் கொடுக்கப்பட்டிருந்தன. கடலுக்குப் போவதை விட்டு, கரையிலிருந்து வலை பொத்துவதே அதன் பிறகு அவருடைய தொழிலாக இருந்தது. அக்கம்பக்கத்துச் சம்மாட்டிமார் கிழிந்த வலைகளை அவரிடமே அனுப்புவார்கள் என்று மகள் சொன்னார். இந்தத் தகவல் பின்னர் இவ்வளவு பயன்படும் என்று அன்று நான் நினைக்கவில்லை.

முதல் அனுமதி

மார்கழி மாதம், வாடைக்காற்றில் தொழில் படுத்திருந்த காலம். மூன்று வாரங்களாக அவருக்குப் பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இருந்தபடியே தூங்கி விழுவார். நள்ளிரவில் எழுந்து முற்றத்தில் உலாவுவார். தூக்கம் இவ்வாறு தலைகீழாவது ஈரல் மூளைப் பாதிப்பின் மிக முந்திய அடையாளங்களில் ஒன்று. ஆனால் தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றில் அது வெறும் தூக்கமின்மையாகக் கொள்ளப்பட்டு, பென்சோடயசெப்பின் வகைத் தூக்க மாத்திரை எழுதப்பட்டது. அதே வாரத்தில் மலச்சிக்கலும் சேர்ந்தது. நான்கு நாட்கள் மலம் கழியவில்லை. ஐந்தாம் நாள் எழுப்பினால் எழும்பவில்லை.

கொண்டுவந்தபோது கூப்பிட்டால் கண் திறந்தார். கேள்விக்குப் பொருந்தாத ஓரிரு சொற்கள் சொன்னார். வலியூட்டினால் கையைத் தட்டிவிட்டார். நினைவுத் தெளிவை அளக்கும் கிளாஸ்கோ அளவில் 15-இற்கு 11, ஈரல் மயக்கத்தை நான்கு படிகளாகப் பிரிக்கும் வெஸ்ட் ஹேவன் அளவுகோலில் மூன்றாம் படி. தசைநாண் மறிவினைகள் துள்ளலாக இருந்தன. இரண்டு பாதங்களிலும் பெருவிரல் மேல்நோக்கி எழுந்தது. பெருவிரல் இப்படி எழுந்தால் பக்கவாதத்தையோ மூளைக்குள் குருதிக் கசிவையோ எண்ணுவது இயல்பு. அதிலும் குருதிச் சிறுதட்டுகள் 72,000 ஆகவும், குருதியுறைவுக்கான ஐஎன்ஆர் 1.7 ஆகவும் உள்ள ஒருவர் இரவில் முற்றத்தில் விழுந்திருந்தால் மூளையுறைக்குக் கீழே குருதி கட்டியிருக்கலாம். எனவே சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டது. குருதி இல்லை. வயதுக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிடச் சற்றுக் கூடுதலாக மூளை மடிப்புகளின் இடைவெளி அகன்றிருந்தது என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அதை வாசித்தேன், கடந்து போனேன். பெருவிரல் எழுச்சி மூன்றாம் நாள் தானாக மறைந்தது.

பிலிருபின் 2.8, அல்புமின் 2.6, சோடியம் 128, பொட்டாசியம் 3.1, கிரியேட்டினின் 1.1. வயிற்றில் சிறிதளவு நீர். ஈரல் எவ்வளவு பழுதடைந்துள்ளது என்று மதிப்பிடும் சைல்ட் பியூ கணக்கில் 12 புள்ளிகள், அதாவது மிக முற்றிய சி வகுப்பு; அதே நோக்கிலான மெல்ட் புள்ளி 17. வயிற்று நீரை எடுத்துப் பார்த்ததில் ஒரு கன மில்லிமீற்றரில் 90 நியூட்ரோஃபில் கலங்களே இருந்தன. 250-ஐத் தாண்டினால்தான் அதைத் தொற்று என்று கொள்கிறோம். அமோனியா அளவை நாங்கள் அளக்கவில்லை. பனிக்கட்டியில் வைத்து உடனடியாக ஆய்வுகூடத்தில் சேர்க்க முடியாவிட்டால் குழாயிலேயே அந்த அளவு ஏறிவிடும். சரியாக அளந்தாலும், சிரோசிஸ் உள்ளவரில் உயர்ந்த அளவு மட்டும் நோயை உறுதிப்படுத்தாது. அது இயல்பாக இருந்தால்தான் அதற்குப் பயன்: வேறு காரணத்தைத் தேடு என்று அது சொல்லும்.

தூக்க மாத்திரையும் நீர் வெளியேற்றும் மாத்திரைகளும் நிறுத்தப்பட்டன. மூக்குவழிக் குழாயினூடாக மலமிளக்கியான லக்டுலோஸ் 30 மில்லிலீற்றர் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, மலம் இறங்கும் வரை, கூடவே எனிமாவும். பொட்டாசியம் ஈடுசெய்யப்பட்டது. சோடியத்தை ஒரு நாளில் 8 மில்லிமோலுக்கு மேல் உயர விடவில்லை, ஏனெனில் முற்றிய ஈரல் நோயாளியில் அது விரைந்து ஏறினால் மூளைத்தண்டில் நரம்பு உறை அழியலாம். மயக்கத்தைத் தெளிவிக்கப் போய் நாங்களே மூளையைச் சேதப்படுத்தியவர்களாவோம். 36 மணித்தியாலத்தில் தன் மகளைப் பெயர் சொல்லி அழைத்தார். அப்போது கைகளை நீட்டி மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கச் சொன்னபோது, பறவை சிறகடிப்பதுபோல் கை விழுந்து விழுந்து எழுந்தது. 1949-இல் ஆடம்சும் ஃபோலியும் விவரித்த அடையாளம் இது. நடுக்கம் என்று அழைத்தாலும் உண்மையில் அது நடுக்கமன்று. தசை தன் இறுக்கத்தை ஒரு கணம் கைவிட்டு மீண்டும் பற்றிக்கொள்வது. ஆறாம் நாள் அதுவும் மறைய, வீட்டுக்கு அனுப்பினோம்.

விண்மீன் கலங்கள்

இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனெனில் பிறகு நடந்தவற்றை இதை விட்டுவிட்டு விளக்க இயலாது.

நாம் உண்ணும் புரதத்தையும் யூரியாவையும் குடல் பற்றீரியாக்கள் சிதைப்பதாலும், குடற்சுவர்க் கலங்கள் குளுட்டமைனை எரிப்பதாலும் அமோனியா உண்டாகிறது. அது குடலின் குருதியை ஈரலுக்குக் கொண்டுசெல்லும் போர்ட்டல் நாளத்தின் வழியே ஈரலுக்குச் சென்று, 1932-இல் கிரெப்சும் ஹென்சலைட்டும் கண்டறிந்த சுழற்சியில் யூரியாவாக மாறிச் சிறுநீரில் கழிகிறது. ஈரல் தழும்பேறி இறுகினால் இரண்டு கெடுதிகள் ஒருங்கே நேர்கின்றன. வேலை செய்யும் கலங்கள் குறைகின்றன. இறுகிய ஈரலுக்குள் நுழைய முடியாத குருதி பக்கவழிகளைத் திறந்துகொண்டு, வடிகட்டப்படாமலே பொதுச் சுற்றோட்டத்தில் கலக்கிறது. இந்தப் பக்கவழியின் கேடு பழைய செய்தி. 1877-இல் எக் என்ற ரஷ்யர் நாய்களில் போர்ட்டல் நாளத்தை ஈரலைத் தவிர்த்து நேரே பெருநாளத்துடன் இணைத்துக் காட்டினார். 1893-இல் பாவ்லோவும் அவருடன் உழைத்தவர்களும், அவ்வாறு இணைக்கப்பட்ட நாய்கள் இறைச்சி உண்டபின் தள்ளாடி, பார்வை மங்கி, மயங்கியதை எழுதினார்கள்.

மூளைக்குள் அமோனியாவை ஏற்று அதைச் செயலிழக்கச் செய்யும் ஆற்றல் பெரும்பாலும் ஒரே வகைக் கலத்துக்குத்தான் உண்டு. நரம்புக் கலங்களைத் தாங்கி ஊட்டும் அஸ்ட்ரோசைட்டு என்னும் விண்மீன் வடிவக் கலம் அது. அது அமோனியாவைக் குளுட்டமேற்றுடன் சேர்த்துக் குளுட்டமைனாக்குகிறது. குளுட்டமைன் கூடக் கூட அது நீரை உள்ளிழுக்கிறது, கலம் வீங்குகிறது. ஈரல் திடீரெனச் செயலிழக்கும் நோயில் இந்த வீக்கம் சில நாட்களிலேயே மண்டையோட்டுக்குள் அமுக்கத்தை ஏற்றி உயிரைப் பறிக்கும். சிரோசிஸ் மெதுவாக வருவதால், விண்மீன் கலத்துக்கு ஈடுகொடுக்க அவகாசம் கிடைக்கிறது: தன்னிடமுள்ள மயோ இனோசிட்டோல் போன்ற பொருட்களை வெளியேற்றி நீரைச் சமன் செய்துகொள்கிறது. காந்த அதிர்வு நிறமாலைப் பரிசோதனையில் இது அப்படியே தெரியும். குளுட்டமைன் ஏறியிருக்கும், மயோ இனோசிட்டோலும் கோலினும் இறங்கியிருக்கும். ஆனால் ஈடுகொடுத்துத் தீர்ந்துபோன கலத்தில் இனி மிச்சமில்லை. அப்போது ஒரு மலச்சிக்கல், ஒரு தொற்று, ஒரு தூக்க மாத்திரை, சோடியத்தின் சிறு இறக்கம் எதுவும் போதும், கலம் மீண்டும் வீங்கி மயக்கம் தொடங்க.

இறந்தவர்களின் மூளையில் இந்தக் கலங்கள் பெருத்த, வெளிறிய கருக்களுடன் காணப்படும். இவற்றை 'இரண்டாம் வகை அல்சைமர் விண்மீன் கலங்கள்' என்கிறோம். மறதி நோய்க்குப் பெயர் தந்த அதே அல்சைமர்தான் 1912-இல் இவற்றை விவரித்தார். ஆனால் இக்கலங்களுக்கும் அந்த மறதி நோய்க்கும் தொடர்பில்லை. ஈரலையும் மூளையையும் ஒருசேரத் தாக்கும், செம்பு தேங்கும் நோயைப் பற்றி வில்சன் எழுதியதும் அதே 1912-இல்தான்.

இதுவரை சொன்னது வீக்கம். வீக்கம் வடியும். ஈரல் சார்ந்த மயக்கம் முற்றாக மீளக்கூடியது என்று மாணவர்களுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்து வந்ததன் அடிப்படை இதுதான். நானும் அவ்வாறே கற்பித்திருக்கிறேன்.

இரண்டாவது அனுமதியும் அதன் பிறகும்

ஏழு மாதங்களின் பின், ஆடியில், மீண்டும் வந்தார். காரணம் எளிது: லக்டுலோசை நிறுத்திவிட்டார். நாளுக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாக மலம் போக வேண்டும் என்பது எமது கட்டளை. விடியுமுன் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போய் மத்தியானம் வரை வெட்டவெளி மணலில் இருக்கும் ஒருவருக்கு அது என்ன பாடு என்பதை நாங்கள் கேட்டிருக்கவில்லை. இந்தத் தடவை இரண்டாம் படியிலேயே பிடித்துவிட்டதால் இரண்டு நாளில் தெளிந்தார். வீடு போகும் நாளில் நடை மெதுவாக இருந்தது. முகம் அசைவற்று இருந்தது. 'நோயினால் வந்த பொதுத் தளர்ச்சி' என்று என் கையாலேயே எழுதினேன்.

ஆறு வாரங்களின் பின் கிளினிக்குக்கு மருமகனும் மகளும் ஒரு பையுடன் வந்தார்கள். பைக்குள் மூன்று வலைத்துண்டுகள். "மாமா பொத்தின வலை டொக்டர். இது போன வருசம், இது கார்த்திகையில, வருத்தம் வர முந்தி. இது போன கிழமை" என்றார் மருமகன். பழைய துண்டில் கண்கள் அச்சில் வார்த்தவைபோல ஒரே அளவு. கார்த்திகைத் துண்டில் கண்கள் சிறுத்தும் பெருத்தும், சில இடத்தில் மூன்று மூலையாகவும் இருந்தன. முடிச்சு விழ வேண்டிய இடம் தவறியிருந்தது. ஈரல் மயக்கத்தின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்க நோயாளியிடம் ஐந்துமுனை நட்சத்திரம் வரையச் சொல்வது எமது பழைய வழக்கம். வரையத் தெரிந்த கை, உருவத்தின் பகுதிகளைப் பொருத்தும் திறனை முதலில் இழக்கும். அவர் முதல் தடவை மயங்குவதற்குப் பல நாட்களுக்கு முன்பே அந்தச் சோதனையைத் தன் வலையில் எழுதி வைத்திருந்தார். ஊரில் அதை வாசிக்கத் தெரிந்தவர்களும் இருந்திருக்கிறார்கள்.

மூன்றாவது துண்டுதான் என்னைத் திகைக்க வைத்தது. அதில் கண்கள் ஏறக்குறைய ஒழுங்காக இருந்தன. ஆனால் துண்டு மிகச் சிறியது. "ஒரு நாள் முழுக்க இருந்தவர் டொக்டர். முந்தி இவ்வளவையும் ஒரு மணித்தியாலத்தில முடிப்பார். கை போகுதில்லை" என்றார் மகள். மனைவி வேறொன்று சொன்னார்: "வெத்திலை போடாமலே சப்பிக்கொண்டிருக்கிறார் ஐயா, நித்திரையில மட்டும் நிப்பாட்டுறார்."

அந்த மூன்று வாக்கியங்களுக்குப் பிறகே அவரை நான் முறையாகப் பரிசோதித்தேன். நாளும் இடமும் பிழையின்றிச் சொன்னார். சிறகடிப்பு நடுக்கம் இல்லை. ஒரு நிமிடத்தில் எத்தனை உயிரினங்களின் பெயர் சொல்ல முடிகிறது என்று எண்ணும் சோதனையில் 14 சொன்னார். இரண்டாவது அனுமதியின்போது அது 8. பத்துக்குக் கீழே இறங்கினால் வெளிப்படையான மூளைப் பாதிப்பை ஐயுற வேண்டும். அவர் சொன்ன பதினான்கில் பன்னிரண்டு மீன்: சுறா, திருக்கை, அறுக்குளா, பாரை, விளை, சூரை, சூடை என்று கரையில் ஏலம் கூறுவதுபோல வந்தன. எண்களைக் கோட்டால் இணைக்கும் சோதனையை நாங்கள் செய்யவில்லை. பென்சில் பிடித்துப் பழகாதவரிடம் அது நோயை அளக்காது, பள்ளிக்கூடத்தையே அளக்கும்.

ஆக, மயக்கம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆனால் முகம் உணர்ச்சியற்று இருந்தது. கண் இமைப்பது அரிதாயிற்று. இரண்டு கைகளிலும் ஒரே அளவான இறுக்கம். பெருவிரலையும் சுட்டுவிரலையும் தட்டச் சொன்னால் நான்காவது தட்டிலேயே வீச்சுச் சுருங்கியது. கைகளை முன்னால் நீட்டும்போது விரைந்த சிறு நடுக்கம். மடியில் ஓய்வாக வைத்திருக்கையில் இல்லை. நடை அகன்றும் தயங்கியும் இருந்தது, திரும்புகையில் தடுமாறினார். வாயும் நாக்கும் ஓயாமல் மெல்லுவதுபோல அசைந்தன.

பார்க்கின்சன் நோய் என்றால் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும். ஓய்வு நடுக்கம் மேலோங்கும். நடையின் தடுமாற்றம் பிந்தி வரும். பார்க்கின்சன் மருந்து தொடாதவருக்கு வாய் அசைவு வராது. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்பிரமைடு இதே தோற்றத்தை உண்டாக்கக் கூடியது. தனியார் சீட்டுகள் உட்பட எல்லாவற்றையும் கொண்டுவரச் செய்து பார்த்தோம், அது எதிலும் இல்லை. வில்சன் நோய் இந்த வயதில் முதன்முதலாக வெளிப்படுவது மிக அரிது. எனினும் கண் வைத்தியர் கருவிழி விளிம்பில் செம்பு வளையம் இல்லையென உறுதி செய்தார், குருதியில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாசுமின் புரதம் இயல்பாக இருந்தது. தைரொயிட்டு, பி12 இரண்டும் சரி.

படத்தில் கண்டவை

எம்ஆர்ஐ படத்துக்கு ஒழுங்கு செய்து, முடிவு கைக்கு வர ஒன்றரை மாதம் சென்றது. டி1 வகைப் படங்களில், மூளையின் ஆழத்தே இரு பக்கமும் உள்ள குளோபஸ் பாலிடஸ் என்ற கருக்கள், வெள்ளைச் சுண்ணத்தால் தீட்டியவைபோல ஒத்த அளவில் பளிச்சிட்டன. அந்தப் பளிச்சிடல் நடுமூளையின் முற்பகுதிவரை இறங்கியிருந்தது. டி2 படங்களில் அதே இடங்கள் ஏறத்தாழ இயல்பாக இருந்தன. மூளைத்தண்டின் பொன்ஸ் பகுதி சேதமின்றி இருந்ததால், சோடியத் திருத்தத்தால் தீங்கு நேர்ந்ததோ என்ற என் உள்ளச்சம் தீர்ந்தது. முன்மூளை, பக்கமூளை மடிப்புகளும் சிறுமூளையும் வயதுக்கு மிஞ்சிச் சுருங்கியிருந்தன. பத்து மாதங்களுக்கு முந்திய சிடி அறிக்கையின் அந்த ஒற்றை வரி சரியாகவே சொல்லியிருந்தது.

நீரிழிவு உள்ளவரில் சீனி மிக ஏறிய நிலையிலும் இந்தப் பகுதியில் டி1 பளிச்சிடல் வரலாம் என்பதால் அதையும் எண்ணிப் பார்த்தோம். அது பொதுவாக ஒரு பக்கத்தில், பியூட்டமென் கருவில் வரும். உடல் துள்ளும் கோரியா அசைவுகளோடு வரும். சுண்ணாம்புப் படிவு என்றால் சிடியில் வெண்மையாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. சிடியில் புலப்படாமல் டி1-இல் மட்டும், இரு பக்கமும் ஒத்து, பாலிடஸில் பளிச்சிடுவதற்கு, குருதி ஈரலைத் தவிர்த்து ஓடும் ஒருவரில், முதலில் நினைக்க வேண்டியது மங்கனீசு. வயிற்று ஸ்கேனில் மண்ணீரலுக்கும் இடது சிறுநீரக நாளத்துக்கும் இடையே தடித்த பக்கவழி ஒன்று இருந்ததும் இதற்கு ஒத்து வந்தது.

மங்கனீசு உணவில் உள்ள ஓர் உலோகம். சிறு அளவில் உடலுக்கு வேண்டியது. மிகையானதை ஈரல் பித்தத்தோடு குடலுக்குள் தள்ளிவிடுகிறது. அந்த வழி அடைபட்டு, பக்கவழியும் திறந்துவிட்டால் உலோகம் குருதியில் தேங்கி, பாலிடஸில் போய்ப் படிகிறது. அது காந்தத் தன்மை உள்ளதால் டி1 படத்தில் ஒளிர்கிறது. 1995-இல் வெளியான பிரேத பரிசோதனை ஆய்வுகளில் சிரோசிஸால் இறந்தவர்களின் பாலிடஸில் மங்கனீசு பல மடங்கு கூடியிருந்தது காட்டப்பட்டது. இது மனிதரின் அசைவை முடக்கும் என்பது அதற்கும் மிக முந்திய அறிவு: 1837-இல் கூப்பர் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர், மங்கனீசுத் தாதுவை அரைக்கும் தொழிலாளர் குனிந்து தள்ளாடி நடந்ததை எழுதியிருக்கிறார். ஈரல் நோயில் மயக்கம் நீங்கிய பின்னும் எஞ்சி நிற்கும் இத்தகைய மூளைச் சிதைவை விக்டர், ஆடம்ஸ், கோல் ஆகிய மூவரும் 1965-இல் விரிவாக விவரித்தார்கள்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பாலிடஸ் பளிச்சிடும் சிரோசிஸ் நோயாளிகளில் பெரும்பாலானோர் நன்றாகவே நடமாடுகிறார்கள். அந்தப் பளிச்சிடல் பக்கவழியில் எவ்வளவு குருதி ஓடுகிறது என்பதோடு ஒத்துப்போகிறதே தவிர, மயக்கத்தின் படியோடு ஒத்துப்போவதில்லை. படத்தை மட்டும் பார்த்து நோயை எழுதக்கூடாது; இவரிடம் படமும் கையும் ஒரே கதையைச் சொன்னதால் எழுதினோம்.

மூளைச் சுருக்கத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. நீரிழிவும் குருதி நாளங்களும் வயதும் தத்தம் பங்கைச் செலுத்தியிருக்கும். ஆயினும் சிரோசிஸ் நோயாளிகளின் மூளைக் கனவளவை அளந்த ஆய்வுகள், மேற்பட்டையிலும் ஆழக் கருக்களிலும் சாம்பல்நிறப் பொருள் குறைந்திருப்பதையும், மயக்கத்துக்கு உள்ளானவர்களில் அந்தக் குறைவு கூடுதலாக இருப்பதையும் காட்டியிருக்கின்றன. 2010-ஐ ஒட்டி வந்த ஆய்வுகள், வெளிப்படையான மயக்கம் ஒவ்வொன்றின் பின்னும் புதியதைக் கற்கும் திறன் முழுதாகத் திரும்பவில்லை என்றன. மாற்று ஈரல் பெற்றவர்களில் வெண்பொருளில் தேங்கிய நீர் வடிகிறது, மங்கனீசுப் பளிச்சிடலும் ஓராண்டளவில் மங்குகிறது. சுருங்கிய மூளை அவ்வாறு நிரம்புவதில்லை. இந்த நோயாளியின் தலைக்குள் வடியக்கூடியது, மெல்லக் கரையக்கூடியது, திரும்பாதது என மூன்றும் ஒரே சமயத்தில் இருந்தன. 'தளர்ச்சி' என்ற ஒரே சொல்லால் நான் மூன்றையும் மூடியிருந்தேன்.

சிகிச்சையும் தற்போதைய நிலையும்

லக்டுலோசைக் காலையிலிருந்து மாலைக்கும் இரவுக்கும் மாற்றினோம். காலை வேளைக்கு உரிய அளவை வீடு திரும்பிய பின் மத்தியானம் எடுக்கலாம் என்றோம். இந்தச் சிறு மாற்றத்தோடு அவர் ஒரு நாளும் தவறவிடவில்லை. குடல் பற்றீரியாக்களைக் கட்டுப்படுத்தும் ரிஃபக்சிமின் 550 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு தடவை சேர்க்கப்பட்டது. அதன் விலை குடும்பத்துக்குப் பாரமாகவே இருக்கிறது.

உணவில்தான் பெரிய போராட்டம். முதல் அனுமதிக்குப் பிறகு அயலவர் சொற்கேட்டு மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி, அவருக்குக் கஞ்சியும் அவித்த மரக்கறியும் மட்டுமே கொடுத்து வந்திருக்கிறார்கள். பாவ்லோவின் நாய்கள் விட்டுச்சென்ற அச்சம் நெடுங்காலம் மருத்துவர்களிடமும் இருந்தது. ஆகவே ஊராரைக் குறை சொல்லி என்ன? இன்று நாம் அறிந்தது நேர்மாறானது. தசையும் அமோனியாவைக் குளுட்டமைனாக்கும். ஈரல் கைவிட்டபின் தசையே இரண்டாவது ஈரல். பட்டினியால் தசை கரைந்தால் மூளைக்குப் போகும் அமோனியா கூடும். அதனால் உடல் நிறையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், மீனுடன் பருப்பு, பயறு, தயிர் எனப் பிரித்துக் கொடுக்கவும், நித்திரைக்கு முன் ஒரு சிற்றுணவு தவறாமல் கொடுக்கவும் சொன்னோம். "மீன் குடுக்கலாமா ஐயா?" என்று மனைவி மூன்று முறை கேட்டார். தேநீரில் மங்கனீசு மிகுதி என்பது உண்மையாதலால், பிளேன்டீயை நிறுத்தவா என்று மகள் கேட்டார். நிறுத்தினால் கை இளகும் என்பதற்குச் சான்றில்லை. நாளுக்கு இரண்டு கோப்பையோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன், மருத்துவமாக அன்று, மனச்சமாதானமாக.

இரும்புச் சத்து மிகக் குறைந்திருந்தது. குடலில் இரும்பை ஏற்றும் வாயிலே மங்கனீசையும் ஏற்றுவதால், இரும்பு குறைந்த உடல் மங்கனீசைக் கூடுதலாக உறிஞ்சும். வாய்வழி இரும்பு மாத்திரை மலத்தைக் கட்டும் என்பதால் நாளவழியாகவே கொடுத்தோம். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபாவைச் சிறு அளவில் தொடங்கிக் கூட்டியதில் இறுக்கம் ஓரளவு தளர்ந்தது. வாய் அசைவு மாறவில்லை. பக்கவழியை உள்ளிருந்து அடைக்கும் சிகிச்சையைப் பற்றிக் கதிரியக்க வல்லுநருடன் பேசினோம். மெல்ட் புள்ளி 17 உள்ள ஈரலில் அந்த வழியை மூடினால் அமுக்கம் ஏறி மீண்டும் இரத்த வாந்திக்கு இட்டுச் செல்லலாம் என்பதால் கைவிட்டோம். எஞ்சியது மாற்று ஈரல். அதற்காக ராகமை மருத்துவமனைக்கு எழுதியிருக்கிறோம், மூத்த மகன் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்க முன்வந்திருக்கிறார், அவருக்கான பரிசோதனைகள் நடக்கின்றன. மோட்டார் சைக்கிள் திறப்பு மருமகனிடம் போய்விட்டது. அது மட்டும் அவருக்கு இன்னும் மனத்தாங்கல்.

பங்குனிக் கிளினிக்கில் உயிரினப் பெயர்கள் 16 சொன்னார். எட்டு மாதங்களாக மயக்கம் இல்லை. இரவில் நித்திரை கொள்கிறார். மருமகன் நான்காவது வலைத்துண்டைக் கொண்டுவந்திருந்தார். கண்கள் எல்லாம் ஒரே அளவு, முடிச்சுகள் பிசகவில்லை. முதல் துண்டின் பக்கத்தில் வைத்தால் எது எதுவெனச் சொல்வது கடினம். எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்டேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி, கோயில் மத்தியான மணி அடிக்கும்போது முடித்தாராம்.